வழிகாட்டி எழுதியவர் நுழைந்த வீடு

புத்தகம் எழுத ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் முதலில் எழுதுவது முன்னுரையை. மீதிப் பேர் அதற்கும் முன்னால் சமர்ப்பணத்தை எழுதிவிடுகிறார்கள். கதை எழுதுகிறவர்களையாவது மன்னித்துவிடலாம். உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் அந்த உள்ளதைப் போய்ப் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லா வேலையையும் செய்வார்கள். நல்ல பேனாவாகத் தேடி வாங்குவார்கள். அட்டை என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்று யோசிப்பார்கள். தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் "புத்தகம் எழுதிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி வைப்பார்கள். எழுத மட்டும் மாட்டார்கள்.

இப்போது என்னிடம் வந்து, "சார், கட்டுரைப் புத்தகம் எழுதணும், அதுக்கு என்னென்ன பழக்கம் வேணும்?" என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் புத்திமதி ஏதும் சொல்வதில்லை. இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். (கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன் என்பது என் மனைவியின் புகார்.)

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நெய்வேலி நிலக்கரிக் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமாகிச் சில மாதம். நகரியம் அப்போதுதான் தெருத் தெருவாக முளைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் எந்தெந்த ஜில்லாவிலிருந்தோ குடும்பங்கள் வந்து இறங்கும். வந்தவர்களுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா குவார்ட்டர்ஸும் ஒரே மாதிரி, வாசலில் நட்டிருந்த வேப்பங்கன்று உட்பட. 'இவர்களுக்கு ஒரு வழிகாட்டி வேண்டும், அதை எழுத என்னை விட்டால் ஆள் யார்?' என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய அன்றே ஊரெல்லாம் சொல்லியும் விட்டேன்.

எங்கள் பிளாக்கில் ஒரு வாசகர் மன்றம் இருந்தது. அதன் செயலாளர் சபாபதி, நிதானமான மனிதர். "நல்ல யோசனை தம்பி. ஞாயித்துக்கிழமை மன்றத்துல படிங்க. ஜனங்களுக்குப் பிடிச்சிருந்தா மன்றமே அச்சுப் போட்டுடும். புதுசா வர்றவங்க எல்லாருக்கும் குடுக்கலாம்" என்றார். அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் பெயர் அச்சில் வரப்போகிறது. அந்த வயதில் அதைவிடப் பெரிய ஆசை எனக்கு இருந்ததில்லை. படித்துப் பிடிக்காமல் போனால் புத்தகம் இல்லை, பெயர் இல்லை, ஊரெல்லாம் சொல்லி வைத்ததற்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியாது. ஆனால் பிடிக்காமல் போகும் என்று நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

அதுவரை எழுதியிருந்தது என்ன என்று கேட்கிறீர்களா? தலைப்பு: 'நகரிய வழிகாட்டி'. சமர்ப்பணம்: எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு. பிறகு முன்னுரை. "ககன வீதியிலே கதிரவன் பவனி வரும் பொன்னான வேளையிலே, பூமித்தாயின் மணிவயிற்றிலே கருவண்ணச் செல்வம் கண்விழிக்கும் இப்புனித பூமியிலே" என்று ஆரம்பித்து, அந்த வாக்கியம் மூன்றாம் பக்கத்தில்தான் முடியும். அதற்கப்புறம் முதல் அத்தியாயத்தில் பாதி: 'வீடு அறியும் விதம்'. அதில் இப்படி எழுதியிருந்தேன்: "இந்நகரியத்தில் ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணை நோக்கி நடப்பவர் எவரும் வழி தவறுவதற்கு இடமே இல்லை." எழுதி முடித்து நானே ரசித்து அடிக்கோடும் போட்டிருந்தேன்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. காலையில் கிளம்பும்போதே என் மனைவி கமலா சொல்லியிருந்தாள்: "சேலத்துலருந்து எங்க பெரியப்பாவும் அக்காவும் வராங்க. கல்யாணத்துக்குக்கூட வர முடியாதவங்க. நேரத்தோட வந்துடுங்க." சரி என்றேன். மதியம் கம்பெனி பஸ்ஸில் ஏறியதிலிருந்து என் மனமெல்லாம் முன்னுரையில். 'மணிவயிறு' போடலாமா, 'திருவயிறு' போடலாமா என்ற குழப்பம். அந்த வயிற்றிலேயே மூழ்கி ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கிவிட்டேன். இறங்கியது தெரியாமல் வழக்கம்போல நடந்தேன், வழக்கம்போல வலது பக்கம் திரும்பினேன், வழக்கம்போல என் எண்ணைப் பார்த்தேன், வழக்கம்போல உள்ளே நுழைந்தேன். செருப்பைக் கழற்றி, பக்கவாட்டுக் குழாயில் கால் கழுவி, ஜம்மென்று கூடத்துக்குள் போனேன்.

கூடத்தில் மூட்டை முடிச்சு, டிரங்குப் பெட்டி, உருட்டி வைத்த பாய். பெரியப்பா வந்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். என் மேசையையும் நாற்காலியையும் காணோம். விருந்தாளிகளுக்கு இடம் வேண்டுமென்று கமலா உள்ளறைக்குத் தள்ளியிருக்கிறாள் என்று நினைத்தேன். (உள்ளதை உள்ளபடி எழுதப்போகிற மனிதரின் கண் எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.) சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

"உக்காருங்க, உக்காருங்க. எப்ப வந்தீங்க?" என்றேன்.

"காலையிலயே வந்துட்டோங்க. சாமானெல்லாம் வண்டியில ஏத்திகினு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சிங்க."

சேலத்துக்காரர் 'ஏத்திகினு' என்கிறாரே என்று காதுக்கு உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. "வீடு பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"வூட்டுக்கு என்னங்க கொறச்சல். கரண்டு, கொழா எல்லாம் வூட்டுக்குள்ளயே இருக்குது. எம் பொண்ணு குடுத்து வெச்சவங்க."

சமையலறை வாசலில் ஒரு இளம்பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் கமலாவின் அக்கா என்று முடிவு செய்தேன். "கமலா எங்க, கடைக்குப் போயிருக்காளா?" என்றேன். அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள், அப்பா என் கையிலிருந்த நோட்டையும் பேனாவையும் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து தலையாட்டினார்கள்.

அவர்கள் நிலைமை எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்று காலையில்தான் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து குடிவந்திருக்கிறார்கள். பெண்ணின் பெயர் அஞ்சலை. அவள் புருஷன் கோதண்டம் மைன்ஸில் வேலை, முதல் ஷிப்டுக்குப் போயிருந்தான். புது வீட்டுக்குள் பேண்ட் சட்டை போட்ட ஒருத்தன் நோட்டும் பேனாவுமாக நுழைந்து, வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டால் யார் என்று நினைப்பார்கள்? குவார்ட்டர்ஸை சோதனை போட வந்த ஆபீஸர் என்று நினைத்துவிட்டார்கள். அந்தக் கமலா ஏதோ அரசாங்க விஷயம் போலிருக்கிறது என்று தலையாட்டியிருக்கிறார்கள்.

நான் விடவில்லை. "இந்த வீடு கிடைக்க நான் எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா? ஒவ்வொரு மேசையா ஏறி இறங்கினேன்" என்றேன்.

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களாலதாங்க எம் பொண்ணு இன்னிக்கு இந்த வூட்டுல நிக்குது."

அதுவும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. காபி கேட்டேன். அஞ்சலை பின்பக்கமாக ஓடி, பக்கத்து வீட்டில் தூள் வாங்கி வந்து போட்டுக்கொடுத்தாள். ருசி வேறு மாதிரி இருந்தது, சேலத்துக் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டேன். குடித்து முடித்ததும், படித்துக்காட்ட ஆள் கிடைத்த எழுத்தாளன் என்ன செய்வானோ அதையே செய்தேன். நோட்டைப் பிரித்தேன். ககன வீதியில் கதிரவன் பவனி வந்தான். அப்பாவும் மகளும், உத்தரவு படிக்கக் கேட்கிறவர்கள் மாதிரி நின்றபடியே கேட்டார்கள். எண்ணை நோக்கி நடப்பவர் வழி தவற இடமே இல்லை என்ற வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன், அழகாக இருக்கிறது என்பதால்.

முடித்ததும் அஞ்சலை மெதுவாக, "ஒண்ணு கேக்கலாங்களா?" என்றாள்.

"தாராளமா."

"தண்ணி எந்நேரத்துக்கு வுடுவாங்கன்னு அதுல எழுதியிருக்குதுங்களா?"

இல்லை என்றேன்.

"கொழந்தைக்கு ஒடம்புக்கு வந்துட்டா ஆஸ்பத்திரிக்கு என்ன சீட்டு எடுத்துகினு போவணும்?"

அதுவும் இல்லை. அதெல்லாம் சின்ன விஷயம் என்றேன்.

"அப்புறம் இந்தச் சங்கு ஊதுதுங்களே. வுட்டு வுட்டு ஊதிகினே இருக்குது. எந்தச் சங்குக்கு ஒலை வெச்சா அவரு வரச்சொல்ல சோறு சூடா இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வருஷமாக அந்தச் சங்குகளைக் கேட்கிறேன். எது எதற்கு ஊதுகிறது என்று எனக்கே தெரியாது. தெரியாததை மறைக்கக் கோபத்தைவிட நல்ல போர்வை கிடையாது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கண்டிப்பாக ஏதோ சொல்ல வாயெடுத்தபோது வாசலில் ஆள் அரவம் கேட்டது. உடம்பெல்லாம் மண்ணும் கையில் சாப்பாட்டுத் தூக்குமாக ஒருவன் படியேறிக்கொண்டிருந்தான்.

"யாரு வேணும்?" என்றேன் நான்.

அவன் திகைத்து நின்றான். "நான்... இந்த வூட்டுக்காரங்க."

எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. என் புத்தகம் ஏன் தேவை என்பதற்கு இதோ சாட்சி, அதுவும் விருந்தாளிகள் முன்னாலேயே. "பாத்தீங்களா பெரியப்பா, இதுக்குத்தான் நான் புத்தகமே எழுதறேன்" என்று திரும்பிச் சொல்லிவிட்டு, அவனைப் பார்த்து, "போய் வாசல்ல நம்பரைப் பாத்துட்டு வாங்க" என்றேன்.

பாவம் கோதண்டம், போய்ப் பார்த்தான். அவனும் அன்றுதான் அந்த வீட்டுக்கு முதல் தடவையாக வேலையிலிருந்து திரும்புகிறான், அவனுக்கே சந்தேகம் வந்திருக்கும். திரும்பி வந்து, "நம்பரு அதாங்க சாமி" என்றான்.

"இருக்கவே முடியாது. அது என் நம்பர்" என்று நானும் வெளியே போய்ப் பார்த்தேன். அதே எண்தான். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். அப்போதுதான் என் கண் எதிர்ச்சாரிக்குப் போனது. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையைக் காணோம். தெருமுனைப் பலகையைப் பார்த்தேன். ஒவ்வொரு தெருவிலும் எண் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும் என்ற சாதாரண உண்மை, நகரிய வழிகாட்டி எழுதிக்கொண்டிருந்தவருக்கு அந்தத் தெருவின் நடுவில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

ஐயோ, அந்த நிமிஷம் பூமித்தாயின் மணிவயிறு திறந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். காபித்தூள் கொடுத்த அம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கோதண்டம் மட்டும் சிரிக்கவில்லை. தங்கமான மனுஷன். மாமனாரைக் கூப்பிட்டு, "மாமா, சார் மறுபடியும் எங்கனா பூந்துடப்போறாரு. கூட போயி வூட்டுல வுட்டுட்டு வாங்க" என்றான்.

அன்று காலையில்தான் ஊருக்குள் வந்த மனிதர், இரண்டு பேரிடம் வழி விசாரித்து என்னை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்த்தார். உள்ளே நிஜப் பெரியப்பா இலையைப் பார்த்தபடி பசியோடு உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை வழி தவறிட்டாருங்க" என்று என்னை ஒப்படைத்துவிட்டு, அஞ்சலையின் அப்பா கூடத்திலேயே உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கமலா சிரித்த சிரிப்பில் ரசம் ஆறிப்போனது.

சாயங்காலத்துக்குள் பிளாக் முழுவதும் பரவிவிட்டது. பெட்டிக்கடையில் அதே பேச்சு. மன்றத்துப் பக்கம் போனால், "வழிகாட்டி வந்துட்டாரு, கூட்டிட்டு வந்தது யாரு?" என்று கேட்டார்கள். சபாபதி என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, நாளைக்கு வேண்டாம்னு வச்சுக்கலாமா? இப்ப நீங்க வாயைத் திறந்தாலே சிரிப்பாங்க. சிரிச்சுட்டாங்கன்னா புத்தகம் போச்சு" என்றார். ஒரு மாதம் தவணை கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். வீட்டுக்குத் திரும்புகிற வழியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் புத்தகம் பிறக்கும் முன்பே செத்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

கமலாதான் கேட்டாள்: "அந்தப் பொண்ணு மூணு கேள்வி கேட்டாளாமே, பதில் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்ப அதை எழுதுங்களேன். எனக்கும் தெரியாது. வந்தப்ப யாரைக் கேக்கறதுன்னு தெரியாம நானும் முழிச்சேன்."

இவ்வளவுதான் அவள் சொன்னது. ஆனால் மறுநாளே அஞ்சலை வீட்டுக்குப் போனேன் (தெருப்பலகையைப் பார்த்து, கமலாவையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு). இன்னும் என்னென்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன். அவள் கேட்கக் கேட்க எழுதினேன், பக்கத்து வீட்டு அம்மாளும் வந்து சேர்ந்துகொண்டாள். விடிந்ததும் பஸ் வருவதற்குள் எழுதுவது, சாயங்காலம் நடந்துபோய்ப் பார்த்துவருவது என்று பழக்கம் வைத்துக்கொண்டேன். பார்க்காததை எழுதுவதில்லை. தண்ணீர்த் தொட்டிக்காரரைத் தேடிப்போனேன். ஆஸ்பத்திரி வரிசையில் நோயாளி மாதிரியே நின்றேன். மைன்ஸ் வாசலில் நின்று, சங்கு ஊதியதும் ஆட்களோடு பஸ் ஏறி, கோதண்டத்தோடு அவன் வீடு வரைக்கும் வந்தேன். அன்று அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததையும் குறித்துக்கொண்டேன்.

எழுதியதை அஞ்சலைக்குப் படித்துக்காட்டுவேன். "அப்புடின்னா?" என்று அவள் கேட்கிற இடத்தில் பேனாவால் அடித்துவிடுவேன். முதலில் ரொம்ப வலித்தது. ஒரு பக்கத்தில் பாதிக்குமேல் போய்விடும். மிஞ்சியதைப் படித்தால் ஏதோ நானே பேசுகிற மாதிரி இருந்தது. முன்னுரைத் தாள்களைக் கமலா அலமாரித் தட்டில் விரித்து மேலே பருப்பு டப்பாக்களை அடுக்கிவிட்டாள், அது எழுதப்பட்டதற்கு அந்த ஒரு பயன்தான்.

மன்றத்தில் படிக்கிற நாளில் கூட்டம் வாசலுக்கு வெளியேயும் நின்றது. புத்தகம் கேட்க வந்த கூட்டம் இல்லை, சிரிக்க வந்த கூட்டம். நான் மேடையேறியதுமே பின்வரிசையில் ஆரம்பித்துவிட்டார்கள். இருந்தாலும் முதல் அத்தியாயத்தை எடுத்தேன். அது இப்படித் தொடங்கியது: "இந்த ஊரில் எண்ணை மட்டும் பார்த்து வீட்டுக்குப் போகாதீர்கள். முதலில் பிளாக், பிறகு தெரு, கடைசியில் எண். இதை மாற்றிச் செய்த ஒருவர் அடுத்தவர் வீட்டில் காபி குடித்துவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்து யார் வேண்டும் என்று கேட்டார். அவர் இந்தப் புத்தகத்தின் ஆசிரியர்."

மன்றமே இடிந்துவிழுகிற மாதிரி சிரித்தார்கள். ஆனால் அது நான் கொடுத்த சிரிப்பு. சிரித்து முடித்தவர்கள் அடுத்த பக்கத்தைக் கேட்கத் தயாராக இருந்தார்கள். தண்ணீர் விடும் நேரத்தைப் படித்தபோது சத்தம் குறைந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தபோது ஒருவர் சட்டைப் பையில் பென்சில் தேடினார். சங்குகளுக்கு வந்தேன்: எந்தச் சங்கு ஷிப்டு முடிந்ததற்கு, அது ஊதி எத்தனை நேரத்தில் ஆள் வீடு வந்து சேர்வார், எப்போது உலை வைத்தால் சரியாக இருக்கும். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அந்தச் சங்குப் பக்கத்தை இன்னொரு தடவை படிங்க. கொஞ்சம் நிதானமா." படித்தேன். முடித்ததும் சபாபதி எழுந்து, மன்றம் இதை அச்சுப் போடும் என்றார். கூட்டம் தட்டிய கையில் என் காது அடைத்துப்போனது. கோதண்டம் முன்வரிசையில் எழுந்து நின்றே தட்டினான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை என்று கமலாவிடமே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

புத்தகம் வந்தது. ஒல்லியான புத்தகம், முன்னுரை கிடையாது. புதிதாகக் குடிவருகிறவர்களில் அது கையில் இல்லாதவரே அப்புறம் எங்கள் பக்கத்தில் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ புத்தகங்கள் எழுதிவிட்டேன். எதை எழுதினாலும் கையெழுத்துப் பிரதியை முதலில் அஞ்சலை வீட்டுக்குத்தான் எடுத்துப்போவேன். அவளும் ஈவிரக்கம் இல்லாமல் "அப்புடின்னா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

வழிகாட்டி வெளிவந்த மறுவருஷம் ஒரு மதியம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். முன்பின் தெரியாத ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். பெட்டியை வைத்தார், சட்டையைக் கழற்றினார், "சரோஜா, தண்ணி கொண்டா" என்றார். கையில் என் புத்தகம். கமலா என்னைப் பார்த்தாள். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, காபியும் கொடுத்து, "எந்தப் பக்கத்தைப் பாத்து வந்தீங்க?" என்று கேட்டேன். அவர் விரலை வைத்துக் காட்டினார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி முதல் திருப்பம் என்று நான் எழுதியிருந்தேன். அதற்குள் இன்னொரு தொட்டி கட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலமே போய்ப் பார்த்து அந்தப் பக்கத்தைத் திருத்தினேன், கூடவே மாறிப்போயிருந்த எல்லாப் பக்கங்களையும். அதுதான் இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பைவிட வேகமாகத் தீர்ந்தது.

என் புத்தகம் ஏதாவது கொஞ்சநாள் விற்காமல் கிடந்து நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், என் மகள் இன்றைக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கேட்கிறாள்: "என்னப்பா, அடுத்த பதிப்பு போடணுமா? சொல்லுங்க, நான் வேணா போயி யார் வீட்டுக்குள்ளயாவது நுழைஞ்சுட்டு வரேன்."